தானே ஆறும் கான்கிரீட்டும் சுண்ணாம்புக் காரையும்: பெங்களூரில் சம்ப் கட்டுவோருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்ப்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடு கட்டுகிறவர்களில் பலர் அஸ்திவாரத்துக்கு முன்பே சம்ப்பை, அதாவது நிலத்தடி நீர்த்தொட்டியை, தோண்டிக் கட்டி முடித்துவிடுகிறார்கள். டேங்கர் தண்ணீரையோ ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரையோ அதில் தேக்கி வைத்துத்தான் மீதி வீடு முழுவதும் எழும்புகிறது. இவ்வளவு வேலை வாங்கும் அந்தத் தொட்டியைக் கட்டுவதில் காட்டப்படும் அக்கறை பெரும்பாலும் வரவேற்பறைத் தரைக்குக் காட்டப்படும் அக்கறையில் பாதிகூட இருப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சுவரில் விரிசல் விழுந்து, நீர்மட்டம் காரணம் தெரியாமல் இறங்குகிறது. தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் பக்கத்துச் சாக்கடைத் தொட்டியின் நீர் அதே விரிசல் வழியாக உள்ளே வரவும் கூடும். இந்தச் சிக்கலுக்கு விடையாக இப்போது கடைகளில் "தானே ஆறும் கான்கிரீட்" என்ற பெயரில் பலவகைப் பொடிகள் விற்கப்படுகின்றன. அவற்றில் எது எங்கே பயன்படும், எது பயன்படாது, பயன்பட வேண்டுமானால் நாம் என்னென்ன செய்துவைக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

விரிசல் எப்படி ஆறுகிறது

எந்தப் பொடியும் சேர்க்காத சாதாரணக் கான்கிரீட்டுக்கும் ஓரளவு தானே ஆறும் குணம் உண்டு. கலவையில் போட்ட சிமென்ட் முழுவதும் ஒரே நாளில் நீருடன் வினைபுரிந்து முடிவதில்லை. வினைபுரியாத துகள்கள் உள்ளேயே தங்கியிருக்கின்றன. விரிசல் வழியே நீர் நுழையும்போது அவை மீண்டும் வினைபுரிகின்றன. அதைவிட முக்கியமான வேலையைச் செய்வது சுண்ணாம்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைந்து விரிசலுக்குள் வருகிறது. நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. விரிசலின் இரு ஓரங்களிலும் வெள்ளையாகப் படரும் அந்தப் படிவுதான் வழியை அடைக்கிறது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. விரிசல் மெல்லியதாக, ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கே நீர் இருக்க வேண்டும். விரிசல் மேலும் திறந்து மூடி அசைந்துகொண்டே இருக்கக் கூடாது. சந்தையில் உள்ள எல்லாப் புதிய முறைகளும் முதல் நிபந்தனையைச் சற்றுத் தளர்த்துகின்றனவே தவிர, மற்ற இரண்டையும் தொடுவதில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியா சேர்த்த மாதிரிகள் நூறு நாள் நீருக்குள் இருந்தபின் 0.46 மில்லிமீட்டர் வரையான விரிசல்களை மூடின. சேர்க்காத மாதிரிகளில் அந்த எல்லை 0.18 மில்லிமீட்டர். இரண்டு தொகுதிகளும் நீருக்குள்தான் கிடந்தன என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

முதல் படி: எந்த இடத்துக்கு இது பொருந்தும்

சம்ப், மேல்நிலைத் தொட்டி, அடித்தளச் சுவர், லிஃப்ட் குழி ஆகியவை பொருத்தமான இடங்கள். அங்கெல்லாம் ஈரம் தொடர்ந்து இருக்கிறது. மொட்டை மாடித் தளத்தின் மேற்பூச்சு அப்படிப்பட்டதல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் முழுவதும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பரப்பில் விரிசல் நாள்தோறும் அசைகிறது. அசையும் விரிசலில் படியும் சுண்ணாம்பு மறுநாளே உடைந்துவிடும். அங்கே நெகிழும் நீர்த்தடைப் பூச்சுதான் தேவை. தூணிலோ பீமிலோ கம்பியின் போக்கிலேயே விரிசல் ஓடி, அதன் ஓரத்தில் துருக்கறை தெரிந்தால், அது கம்பி துருப்பிடித்து வீங்கியதன் விளைவு. அதைத் தானே ஆறட்டும் என்று விடுவது ஆபத்து. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டிய விஷயம் அது.

ஏற்கெனவே உள்ள விரிசலென்றால் முதலில் அதை அளக்க வேண்டும். கோடுகள் அச்சிட்ட கண்ணாடித்தாள் அட்டை ஒன்று பொறியியல் கருவிகள் விற்கும் இடங்களில் கிடைக்கும்; 0.1, 0.2, 0.3 என்று கோடுகளின் தடிமன் குறிக்கப்பட்டிருக்கும் அந்த அட்டையை விரிசலின் மேல் வைத்து ஒப்பிட்டால் போதும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதிவையுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எபாக்ஸியால் ஒட்டிவைத்தால், விரிசல் அசையும்போது அது உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தும் கண்ணாடி உடையவில்லை, கோட்டைத் தாண்டி விரிசல் நீளவுமில்லை என்றால் அது அசையாத விரிசல் என்று கொள்ளலாம்.

இரண்டாம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுச் சம்ப்புக்கு இன்று நடைமுறையில் கிடைப்பதும், வேலை செய்யக் கூடியதும் படிகமாக்கும் கலவைப் பொடிதான். இந்தப் பொடி கான்கிரீட்டில் உள்ள ஈரத்தோடும் சுண்ணாம்போடும் வினைபுரிந்து நுண்துளைகளில் ஊசிபோன்ற படிகங்களை வளர்க்கிறது. நீர் வற்றினால் வினை நிற்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் புதிய விரிசல் வழியே நீர் வந்தால் மீண்டும் தொடங்குகிறது. வாங்குமுன் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: சிமென்ட் எடையில் எத்தனை சதவீதம் சேர்க்க வேண்டும் என்ற அளவு, குடிநீரோடு தொடர்புபடலாம் என்ற சான்று, எந்த அகல விரிசல் எத்தனை நாளில் எந்த நீரழுத்தத்தில் மூடியது என்ற சோதனை அறிக்கை. மூன்றாவதைத் தர முடியாதவர்களிடம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பாக்டீரியா முறையில் இரு வழிகள் உண்டு. டெல்ஃப்ட் வழியில் உறங்கும் நிலையிலுள்ள பாக்டீரியா வித்துகளும், அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டும் சேர்க்கப்படுகின்றன. நீரும் காற்றும் கிடைத்ததும் அவை விழித்து, உணவைச் செரித்துச் சுண்ணாம்புக்கல்லை உண்டாக்குகின்றன. மற்றது யூரியா வழி. ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற பாக்டீரியா யூரியாவைச் சிதைத்துக் கார்பனேட்டைத் தருகிறது. கூடவே அம்மோனியாவும் உண்டாகிறது. நம் ஊரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தினர் இஸ்ரோவுடன் சேர்ந்து 2020-இல் நிலவு மண்ணை ஒத்த பொடி, யூரியா, கொத்தவரைப் பிசின் ஆகியவற்றோடு இந்தப் பாக்டீரியாவைச் சேர்த்துச் செங்கல் உருவாக்கிக் காட்டினார்கள். பின்னர் 2025-இல், உடைந்த செங்கலை அதே பாக்டீரியாவைக் கொண்டு சரிசெய்ய முடியும் என்றும் காட்டினார்கள். நிலவுக்குப் பொருத்தமான அந்த வழி குடிநீர்த் தொட்டிக்குப் பொருந்தாது. அம்மோனியா கலந்த நீரை யாரும் குடிக்க விரும்பமாட்டார்கள்.

இழை சேர்த்து வளையும் கான்கிரீட்டை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ உருவாக்கினார். ஒரே பெரிய விரிசலுக்குப் பதிலாக 0.06 மில்லிமீட்டருக்கும் மெல்லிய பல விரிசல்கள் விழும்படி செய்வதே அதன் சூட்சுமம். வீட்டுக்கு அந்தப் பொருளை வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதன் கருத்தை அடுத்த படியில் கம்பியைக் கொண்டே நாம் பின்பற்றலாம். பசை நிரப்பிய குப்பிகளைக் கலவையில் புதைக்கும் முறை இன்னும் ஆய்வுக்கூடத்துக்கும் சோதனைக் களத்துக்கும் உரியது.

மூன்றாம் படி: சுவரின் கனமும் கம்பியும்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பொடி வாங்குவதற்கு முன்பே வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கே முடிவாகிவிடுகின்றன. விரிசல் ஆறுமா என்பது அதன் அகலத்தை மட்டும் பொறுத்ததல்ல. நீர் எவ்வளவு வேகமாக அதன் வழியே பாய்கிறது என்பதையும் பொறுத்தது. வேகமாகப் பாயும் நீர் படியவிருக்கும் சுண்ணாம்பை வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். ஐரோப்பிய நெறிமுறையான ஈ.என். 1992-3 இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது. நீரின் உயரத்தைச் சுவரின் கனத்தால் வகுக்க வேண்டும். விடை 5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 0.2 மில்லிமீட்டர் விரிசல் வரை ஆறும் என்று கொள்ளலாம். 35 அல்லது அதற்கு மேல் என்றால் 0.05 மில்லிமீட்டர்தான், இடைப்பட்ட விடைகளுக்கு இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே சீராகக் குறைத்துக் கணக்கிட வேண்டும்.

உள்ளளவு 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் சம்ப்பை எடுத்துக்கொள்வோம். சுவர் 150 மில்லிமீட்டர் என்றால் 2-ஐ 0.15-ஆல் வகுக்க 13.3 வருகிறது, ஆறக்கூடிய விரிசலின் எல்லை சுமார் 0.16 மில்லிமீட்டர். சுவரை 200 மில்லிமீட்டராக்கினால் விகிதம் 10-ஆகக் குறைந்து, எல்லை 0.175 மில்லிமீட்டராக உயர்கிறது. ஆதாயம் சிறியதுதான். இதற்காக மட்டும் சுவரைத் தடிமனாக்குவதைவிடக் கம்பியைச் சரியாகக் கட்டுவதே மேல்.

ஒரே எடைக் கம்பியைப் பெரிய விட்டத்தில் தள்ளித் தள்ளிக் கட்டினால் விரிசல்கள் குறைவாகவும் அகலமாகவும் விழும். சிறிய விட்டத்தில் நெருக்கமாகக் கட்டினால் அதே சுருக்கம் பல மெல்லிய விரிசல்களாகப் பிரிந்துபோகும். கம்பிக்கட்டுகிறவருக்குக் கூலி சற்றுக் கூடும் என்பதால் அவர் இதை விரும்பமாட்டார். பொறியாளரின் வரைபடத்திலேயே "10 மில்லிமீட்டர் கம்பி, நெருங்கிய இடைவெளி" என்று எழுதி வாங்கிவிட்டால் தளத்தில் வாக்குவாதம் இருக்காது. நீர்தேக்கும் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 3370 இத்தகைய சுவர்களைக் கடுமையான சூழலில் உள்ளவையாகக் கருதச் சொல்கிறது, பொதுவான கான்கிரீட் நெறிமுறையான ஐ.எஸ். 456-இன்படி அந்தச் சூழலுக்குக் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும். உடைந்த ஜல்லியை முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் கவர் பிளாக் வைத்துத்தான் அந்த இடைவெளியைக் காக்க வேண்டும்.

நான்காம் படி: கலவை

கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது. நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. சிமென்ட் வகையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்டையோ அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அவை மெதுவாக வினைபுரிகிறவை. மாதங்கள் கழித்து விரிசல் விழும்போதும் வினைபுரியக் காத்திருக்கும் பொருள் அவற்றில் மிச்சமிருக்கும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலில் தூசி அதிகமாக இருந்தால் கலவை அதிக நீர் கேட்கும், நீர் கூடினால் சுருக்கம் கூடும், சுருக்கம் கூடினால் விரிசல் அகலும். ஒரு பிடி மணலைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கி வைத்துப் பார்த்தாலே அடியில் மணலுக்கு மேல் எவ்வளவு தூசி அடுக்கு படிகிறது என்பது தெரிந்துவிடும்.

மேலே சொன்ன சம்ப்புக்கு 150 மில்லிமீட்டர் கனத்தில் நான்கு சுவர்களும் அடித்தளமும் சேர்த்து ஏறத்தாழ 3.85 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும். சேதாரத்தோடு 4 என்று வைத்துக்கொள்ளலாம். கனமீட்டருக்கு 380 கிலோ சிமென்ட் என்றால் மொத்தம் 1,520 கிலோ. பொடியின் அளவு சிமென்ட் எடையில் ஒரு சதவீதம் என்று உற்பத்தியாளர் குறிப்பிட்டிருந்தால் சுமார் 15 கிலோ தேவை. இதை, ஆயத்தக் கான்கிரீட் தயாரிக்கும் ஆர்.எம்.சி. ஆலையிலேயே எடைபோட்டுச் சேர்க்கச் சொல்ல வேண்டும். லாரி வந்து நின்றபின் டிரம்முக்குள் மேலே இருந்து கொட்டினால் கட்டிகட்டியாக ஓரிடத்தில் தங்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் நீரில் கரைத்துக் குழம்பாக்கி ஊற்றிப் போதிய நேரம் சுழலவிட வேண்டும். அந்த நீரையும் மொத்த நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும். சில பொடிகள் கலவை இறுகுவதைத் தாமதப்படுத்தும். அதனால் சென்ட்ரிங் பிரிப்பதில் அவசரப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: வார்க்கும் நாள்

வேனில் மாதங்களில் மாலையில் தொடங்குவது நல்லது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று யாரேனும் குழாயைத் தூக்கினால் தடுத்துவிடுங்கள். இளக்கம் வேண்டுமானால் அதற்குரிய திரவக் கலவையைத்தான் சேர்க்க வேண்டும். அடித்தளமும் சுவரும் சந்திக்கும் இணைப்பில் பி.வி.சி. நீர்த்தடைப் பட்டையோ நீர்பட்டு வீங்கும் பட்டையோ கட்டாயம் தேவை. எந்தப் பொடியும் இணைப்புகளை மூடித்தராது. சம்ப்புகள் கசியத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் படாத மூலையில் உண்டாகும் தேன்கூட்டு ஓட்டையும் இந்தப் பொடிக்கு அப்பாற்பட்ட விஷயம்.

ஆறாம் படி: நீராற்றல் (க்யூரிங்)

"பவுடர்தான் போட்டாச்சே சார், இன்னும் எதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு?" என்று மேஸ்திரி கேட்பார். அவரைக் குறைசொல்வதற்கில்லை, பொடிப் பையில் அச்சிட்டிருக்கும் வாசகங்கள் அப்படித்தான் நம்பவைக்கின்றன. உண்மையில் பொடி போட்ட கான்கிரீட்டுக்கு நீராற்றல் இன்னும் அதிகமாக வேண்டும், ஏனென்றால் படிகம் வளர்வதற்கும் அதே நீர்தான் வேண்டும். சாதாரணச் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்டுக்கு 10 நாள், வறண்ட வெப்பச் சூழலில் அதற்கும் மேல் என்பது நெறிமுறை. சம்ப்பில் இது எளிது: அடித்தளத்தில் நீரைத் தேக்கிவிட்டுச் சுவர்களின் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

எந்த நீர் என்பதும் கவனிக்க வேண்டியது. 2024 மார்ச் மாதத் தட்டுப்பாட்டின்போது பெங்களூர்க் குடிநீர் வாரியம் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. சுத்திகரித்த கழிவுநீரையோ போர் நீரையோ பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். ஐ.எஸ். 456-இன்படி கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், சல்ஃபேட் 400 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்குக் குறையக் கூடாது.

ஏழாம் படி: நீர்ச் சோதனை

குறுகிய மனைகளில் சம்ப்பின் வெளிச்சுவர் மண்ணை ஒட்டியே வார்க்கப்படுவதால் வெளியே கசிவதைக் கண்ணால் பார்க்க முடியாது. நீர்மட்டம் மட்டுமே சாட்சி. உள்சுவரில் எஃகு அளவுகோல் ஒன்றை ஒட்டி, எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, ஒரே மூச்சில் நிரப்பாமல் மூன்று கட்டங்களாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே ஒரு நாளாவது விட்டு நிரப்புங்கள். குறைந்த நீரழுத்தத்திலேயே கீழ்ப்பகுதி விரிசல்கள் ஆறத் தொடங்குவதற்கு அந்த இடைவெளி உதவும். நிரம்பியபின் 7 நாள் கான்கிரீட் நீரை உறிஞ்ச விட்டுவிட்டு, அடுத்த 7 நாளும் ஒரே நேரத்தில் மட்டத்தைக் குறிக்க வேண்டும். நம் சம்ப்பின் பரப்பு 5 சதுர மீட்டர். மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 5 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். ஆவியாவது எவ்வளவு என்று அறிய, நீர் நிரப்பிய வாளி ஒன்றை மூடிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டு அதன் மட்டத்தையும் குறித்துக் கழிக்கலாம்.

ஐ.எஸ். 3370-இல் எனக்குப் பிடித்த விதி ஒன்று இங்கே வருகிறது. சோதனையில் தொட்டி தேறவில்லை, ஆனால் அன்றாட இறக்கம் நாளுக்கு நாள் குறைந்துவருகிறது என்றால், சோதனையை மேலும் 7 நாள் நீட்டிக்கலாம். அதற்குள் எல்லைக்குள் வந்துவிட்டால் தொட்டியை ஏற்றுக்கொள்ளலாம். கான்கிரீட் தானே ஆறுகிறது என்று பெயர் சொல்லாமலேயே அதற்கு அவகாசம் தருகிற விதி இது. ஆகவே முதல் நாள் 4 மில்லிமீட்டர், பிறகு 3, 2, 1 என்று இறங்கினால் பதறி உடைக்க வேண்டாம். நாள்தோறும் அதே 4 என்றால் காத்திருந்து பயனில்லை.

விரிசல் ஆறாவிட்டால்

நீரை இறக்கி விரிசலைத் தேடுங்கள். 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் படிகமாக்கும் குழம்பை ஈரச் சுவரில் இரண்டு முறை பூசி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு மீண்டும் நிரப்பலாம். அதைவிட அகலமாக இருந்து நீரும் கசிந்தால், குடிநீருக்கு ஏற்ற பாலியூரித்தேன் திரவத்தை ஊசிமூலம் செலுத்த வேண்டும். காய்ந்த, அசையாத, பாரம் தாங்க வேண்டிய விரிசலுக்கு எபாக்ஸி. மேல்நிலைத் தொட்டியின் வெளிச்சுவரில் தெரியும் வெள்ளைப் படிவைக் கண்டு ஆறிவிட்டது என்று முடிவுசெய்துவிட வேண்டாம். படிவு காய்ந்து கெட்டியாக இருந்தால் நல்லது. விரலால் தொடும்போது ஈரமாக இருந்து, அடியில் துளி தொங்கிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு இன்னும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

பழைய சுண்ணாம்புச் சுவர்கள்

அல்சூர், ஃபிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதிகளில் நம்மவர்கள் வசிக்கும் பழைய ஓட்டுவீடுகள் பலவற்றில் செங்கற்களைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. 1911-இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையைக் கட்டியதும் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்ந்த சுர்க்கிக் காரையால்தான். இந்தக் காரைக்கும் ஆறும் குணம் உண்டு: மழைநீர் ஓரிடத்தில் சுண்ணாம்பைச் சிறிது கரைத்து, பக்கத்து நுண்விரிசலில் கொண்டுபோய்ப் படியவைக்கிறது. ரோமானியக் காரையில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன என்று 2023-இல் எம்.ஐ.டி. பேராசிரியர் அட்மிர் மாசிக் குழுவினர் காட்டினார்கள்; அந்த முறையில் செய்து, அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பிளந்துவைத்த மாதிரிகள் நீர் ஓடவிட்ட இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டன. அவர்கள் கணிப்பில் ரோமானியர்கள் சுட்ட சுண்ணாம்பை நேரடியாகக் கலந்து சூட்டோடு பயன்படுத்தினார்கள். இதை வீட்டில் முயலக் கூடாது. நீர்பட்ட சுட்ட சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

பழுதுபார்க்கும்போது முதலில், பிற்காலத்தில் மேலே பூசிய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைப்பதால் காரைக்குள் ஈரமும் சுண்ணாம்பும் நகர்வது நின்றுவிடுகிறது. இணைப்புகளைச் சுரண்டித் தூசி தட்டி, சுவர் குடித்தது போதும் என்கிற வரை நீர் தெளியுங்கள். நீற்றிக் குழைத்து நாட்பட ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணலும் சலித்த செங்கற்பொடியுமாக மூன்று பங்கு என்று தொடங்கி, பழைய காரையின் நிறத்தையும் பதத்தையும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். முந்தையது இறுகிய பிறகே அடுத்தது. கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்க்கும் நம் ஊர் வழக்கம் சுண்ணாம்புக்கு உரியது. கலவை சீக்கிரம் இறுகட்டும் என்று கொஞ்சம் சிமென்டையும் போடுகிறவர்கள் அந்த வெல்ல நீரோடு போட்டால், சர்க்கரைப் பொருள் சிமென்டை இறுகவிடாமல் செய்துவிடும்.

பூசிய சுவரை வெயில் நேராகப் படாமல் சாக்கால் மறைத்து, வாரக்கணக்கில் லேசாக ஈரம் தெளித்து வாருங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் கல்லாகிறது; அந்த வினை நடக்க ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இரண்டும் தடைபடும். சுண்ணாம்பு வெள்ளையடிப்பே போதும். தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்தில் அடித்துவிட்டால் அந்த ஆண்டின் நுண்விரிசல்களுக்கு வேண்டிய சுண்ணாம்பை மழையே உள்ளே எடுத்துச்செல்லும்.